படகுகள், கட்டடங்கள், விலங்குகள்

நாடாளுமன்றத்தில் இரண்டு மணி நேரமாக ஒரு பெயரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேற்குக் கரைக்காரர் ஒருவர் எங்கள் ஊர் மாலுமியின் பெயரை வைத்திருக்கலாம் என்கிறார், கிழக்குக் கரைக்காரர் எழுந்து உங்கள் மாலுமி பிறப்பதற்கு ஐந்நூறு வருடம் முன்பே எங்கள் அரசன் கப்பல் விட்டான் என்கிறார், சிரிக்கிறார்கள், மேசையைத் தட்டுகிறார்கள். மத்திய கடலோரக் கண்காணிப்புப் பிரிவு என்ற பெயரில் வீரமே இல்லையாம், குமாஸ்தா வாடை அடிக்கிறதாம், இனி அதன் பெயர் ஜலதி ரக்ஷா, கடல் காவல் என்று அர்த்தமாம், அதைக் கேட்ட மாத்திரத்தில் கடத்தல்காரன் நடுங்குவான் என்று ஒருவர் கையை ஓங்கிச் சொல்கிறார். நடுங்குகிறவர்களை எனக்குத் தெரியும். பழைய பெயருக்கே நடுங்கினார்கள், பெயர்கூடத் தெரியாமல் நடுங்கினார்கள், எங்கள் கரையில் யாரும் அந்த நீளமான பெயரைச் சொன்னதில்லை, சாம்பப் போட்டுக்காரன் என்றுதான் சொல்வோம், அவர்கள் படகு சாம்பல் நிறம். நான் மேலே பார்வையாளர் மாடத்தில் மூன்றாம் வரிசையில் இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். கால்மேல் கால் போடக் கூடாது. முன் கம்பியில் சாயக் கூடாது. பேனா கூடாது, காகிதம் கூடாது, கைபேசி கூடாது, கை தட்டக் கூடாது, தூங்கவும் கூடாது. கீழே தூங்கலாம். கீழே நான்கு பேர் தூங்குவதை நான் இங்கிருந்தே பார்க்கிறேன், ஒருவர் வாய் திறந்திருக்கிறது. இருக்கையோடு கொடுத்த காதுக்கருவியில் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்கிற ஒரு பெண்ணின் குரல் வருகிறது, சோர்ந்த குரல், எல்லாக் கட்சிக்காரரையும் அந்த ஒரே குரல் நான் நான் என்று பேசுகிறது, நான் இந்த மசோதாவை வரவேற்கிறேன், நான் இதை எதிர்க்கிறேன், நான் ஒரு நகைச்சுவை சொல்ல விரும்புகிறேன். மசோதாவில் பதினோரு கூறுகள். பெயர் இருப்பது இரண்டாம் கூறில். எனக்கு வேண்டியது ஆறாம் கூறு. இதுவரை ஒரு வாய்கூட ஆறு என்ற எண்ணைச் சொல்லவில்லை.

ஆறாம் கூறு எனக்கு மனப்பாடம். பழைய பிரிவுக்குச் சொந்தமான படகுகள், வாகனங்கள், கட்டடங்கள், ஆயுதங்கள், விலங்குகள் யாவும் புதிய பிரிவைச் சேரும். விலங்குகள் என்றால் மோப்ப நாய்கள், மொத்தம் முப்பத்தெட்டு, விசாரித்தேன். அதிகாரிகளின் பதவி, மூப்பு, ஓய்வூதியம், பதக்கம் எதுவும் குறையாது. பழைய பிரிவு தொடுத்த வழக்குகள் புதிய பிரிவு தொடுத்ததாகக் கொள்ளப்படும். அவ்வளவுதான். பழைய பிரிவின்மேல் மற்றவர்கள் கொடுத்த புகார்கள் என்ன ஆகும் என்று ஒரு வரி இல்லை. முதல்முறை படித்தபோது பக்கம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன், மறுபடி அச்செடுத்தேன், மறுபடியும் இல்லை. புகார்களை விசாரிக்கிற குழு பழைய பிரிவின் விதிகளில் உண்டானது. பிரிவு போனால் விதி போகும், விதி போனால் குழு போகும். அந்தக் குழுவில் என் அண்ணன் செலஸ்டினின் புகார் மூன்று வருடமாக இருக்கிறது. மீன்பிடித்துத் திரும்பிய படகை மறித்து, நடுக்கடலில் யாருக்கு டீசல் கொடுத்தாய் என்று கேட்டு இரண்டு நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது வலது கையில் மூன்று விரல் மடங்கவில்லை. இன்றைக்கும் மடங்காது. கயிறு பிடிக்க முடியாதவனுக்குக் கடலில் என்ன வேலை, ஐஸ் கம்பெனியில் இடது கையால் டோக்கன் கிழித்துக் கொடுக்கிறான். அவன்மேல் வழக்கே போடவில்லை. போட்டிருந்தால் அந்த வழக்கு இன்றைக்குப் பத்திரமாகப் புதிய பெயருக்கு மாறியிருக்கும், நாயைப் போல, படகைப் போல. புதிதாக ஒரு புகார் கொடுங்களேன் என்பார்கள், சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் போங்களேன் என்பார்கள், போனோம், முதலில் குழுவில் முடியட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். பதினோரு வாய்தா. பன்னிரண்டாவதில்தான் குழுவுக்குப் புதிதாக வந்த ஓய்வுபெற்ற நீதிபதி அந்த இரண்டு அதிகாரிகளும் நேரில் வர வேண்டும் என்று எழுதினார். அடுத்த மாதம் பதினாலாம் தேதி. இந்தச் சட்டம் அடுத்த மாதம் ஒன்றாம் தேதி நடைமுறைக்கு வருகிறது. ஒன்று, பதினாலு. ஒன்று, பதினாலு. யாரோ வேண்டுமென்றே செய்திருந்தால் அவன்மேல் கோபப்படலாம். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை, நாய்களை நினைவில் வைத்து எழுதிய ஒருவருக்கு எங்கள் நினைவு வரவில்லை.

பக்கத்து இருக்கை அம்மாள் என் முழங்கையைத் தொடுகிறாள். காசிக்குப் போகிற சுற்றுலாக் கூட்டத்தோடு வந்தவள், வேடசந்தூர் என்று படியேறும்போதே சொன்னாள். "நம்ம ஆளு எவரும்மா?" என்கிறாள் மெதுவாக. நான் கண்ணால் நான்காம் வரிசையைக் காட்டுகிறேன், கை நீட்டினால் குற்றம். "அந்த வழுக்கையா? தூங்குறாரா?" "இல்லம்மா, படிக்கிறார்." "என்னமோ போ. குளுகுளுன்னு இருக்கு, எங்கூரு சனங்கள எல்லாம் இங்க கொண்டாந்து போட்டா மே மாசம் தெரியாது." காவலர் பெண் திரும்பிப் பார்க்கிறாள், அவள் நெஞ்சில் சுமன் என்ற பெயர்ப்பட்டை, உதட்டில் விரல் வைக்கிறாள், அம்மாள் பள்ளிப்பிள்ளை மாதிரி வாயைப் பொத்திக்கொள்கிறாள். அந்த வழுக்கை எம்.பி. சிவஞானபெருமாள். ஏழு மாதமாக அவர் அலுவலகத்தில் நான் சட்ட உதவியாளர். அவர் படிப்பது நான் எழுதிக் கொடுத்த எட்டுப் பக்கம். அதோடு தனித்தாளில் ஒரு திருத்தம், எண் நான்கு, ஆறாம் கூறின் கடைசியில் ஒரே வாக்கியம் சேர்க்க வேண்டும், பழைய பிரிவின்மேல் நிலுவையிலுள்ள புகார்களும் விசாரணையும் புதிய பிரிவின்மேல் தொடரும். அறிவிப்பு கொடுத்தாயிற்று, பட்டியலில் அச்சாகிவிட்டது. ஆனால் இந்த அவையில் அச்சானதற்கு உயிர் கிடையாது. ஆறாம் கூறு வரும்போது தலைவர் அவர் பெயரைச் சொல்லி, முன்மொழிகிறீர்களா என்று கேட்பார். அவர் எழுந்து முன்மொழிகிறேன் என்று சொன்னால் அது திருத்தம். எழாவிட்டால், கழிவறைக்குப் போயிருந்தால், பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருந்தால், வெறும் தாள். முன்மொழியவில்லை என்று தலைவரே சொல்லிவிட்டு ஏழாம் கூறுக்குப் போய்விடுவார். நேற்று வரை அவர் எழுவார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இன்று காலை காரில் நான் வாயைத் திறந்தேன்.

ஏன் திறந்தேன். குறிப்பில் ஒரு கடலோர மாவட்டத்தைச் சேர்ந்த மீனவர் என்றுதான் எழுதியிருந்தேன், பெயர் எழுதவில்லை, பொய்யும் எழுதவில்லை, ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் பத்து நாளாகத் தொண்டையில் முள் மாதிரி இருந்தது. அவரை அறியாமல் அவர் வாயால் என் வீட்டுக் காரியத்தைப் பேச வைக்கிறேனோ என்று. அவை வளாகத்துக்குக் கார் திரும்பும்போது, "சார், ஒரு விஷயம் சொல்லணும். அந்தக் குறிப்புல வர்ற மீனவர் எங்க அண்ணன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கூடப் பொறந்தவனா?" "ஆமா சார்." "இத முந்தியே சொல்லிருக்கலாம்லம்மா." "அதான் சார் இப்பச் சொல்லுதேன்." "சொல்லிட்ட. இப்ப எனக்கில்ல தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு எவனாவது தோண்டி, எம்.பி. ஆபீஸ்ல இருக்க புள்ள சொந்தக் கேசுக்குச் சட்டத்துல கை வைக்குதுன்னு போட்டா நான் தெரியாதுன்னு சொல்ல முடியுமா?" முன் இருக்கையில் இருந்த உதவியாளர் பேச்சிமுத்து திரும்பாமலே சிரித்தார். "படிச்ச புள்ளைய எல்லாம் இப்படித்தான் அண்ணாச்சி. பரீட்ச எழுதி முடிச்சிட்டு, நான் பாத்து எழுதல சார்னு தானே போய் நிக்கும். கேட்டவன் எவன்?" எம்.பி. சிரிக்கவில்லை. திருத்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நாலாக. எட்டுப் பக்கத்தை மடிக்கவில்லை, கோப்பிலேயே விட்டார், அதை மட்டும் மடித்தார். மடித்தது பத்திரத்துக்கா, மறப்பதற்கா. நாலு மணி நேரமாக அந்த மடிப்பையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உண்மை சொன்னால் மனம் லேசாகும் என்று யார் சொன்னது. என் மனம் லேசாகிவிட்டது, ஆமாம், காலையில் ஒரு ஐந்து நிமிடம் லேசாகத்தான் இருந்தது, அதற்குக் கூலியாக அண்ணனின் மூன்று விரலை எடுத்துக் கொடுத்துவிட்டேன். என் யோக்கியத்தை நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிக்குப் போனவள், பேப்பரில் வரி மாறாமல் எழுதுகிறவள், சில்லறை அதிகம் வந்தால் திருப்பிக் கொடுக்கிறவள். இரண்டு நாள் ஒரு அறையில் அவனை உட்கார வைத்தவர்கள் யாருக்காவது தொண்டையில் முள் இருந்திருக்குமா. அறிக்கையில் படகில் வழுக்கி விழுந்த காயம் என்று எழுதினவனுக்கு இருந்திருக்குமா. பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிறவன், படகில் வழுக்கினானாம்.

சிவஞானபெருமாள் பெயரைச் சொல்கிறார்கள். எழுகிறார். நான்கு நிமிடம் அவருக்கு. காதுக்கருவியைக் கழற்றுகிறேன், அவர் தமிழில் பேசுகிறார், அவரை அவர் குரலிலேயே கேட்கலாம். "தலைவர் அவர்களே, உலகில் கடல் வாணிபம் தோன்றிய காலந்தொட்டு..." என் முதல் வரி. என் முதல் வரியை அவர் வாயில் கேட்டதும்தான் எனக்கு உறைக்கிறது. இது முன்னுரை. நான் முன்னுரை எழுதியிருக்கிறேன். வரலாறு எழுதியிருக்கிறேன், பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று, பிரிவு தொடங்கிய ஆண்டு, அதன் நோக்கங்கள், வெளிநாடுகளில் இத்தகைய அமைப்புகள், மசோதாவின் சிறப்புகள், குறைகள், ஆறாம் பக்கத்தில்தான் நிறைவாக என்று தொடங்கி ஆறாம் கூறு. பத்து மதிப்பெண் வினாவுக்கு எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் எழுதினேன், அப்படி எழுதித்தான் இவ்வளவு தூரம் வந்தேன், முன்னுரை, பொருளுரை, முடிவுரை, அடிக்கோடு, முக்கியமானதைக் கடைசியில் வை, திருத்துகிறவர் கடைசி வரை படிப்பார். யார் கடைசி வரை படிப்பார். அப்பனும் தாத்தனும் வக்கீலாக இருந்த பிள்ளைகள் முதல் வரியிலேயே வேண்டியதைக் கேட்டுவிடுகிறார்கள், பக்கத்து அறை எம்.பி.யிடம் வேலை பார்க்கிற பெண் அரைப் பக்கத்துக்குமேல் எழுதியதே இல்லை, நான் அவளைச் சோம்பேறி என்று நினைத்திருந்தேன். அவர் இப்போது இரண்டாம் பக்கத்தில் நிற்கிறார், சொந்தமாக ஒன்றைச் சேர்க்கிறார், "பேர மாத்துனா மீன் வந்து தானா வலையில விழுமா, அதையும் அமைச்சர் சொல்லணும்." சிரிப்பு. இரண்டு பக்கத்திலும் சிரிப்பு, அமைச்சரும் சிரிக்கிறார். சிரிப்பு கிடைத்த சந்தோஷத்தில் எம்.பி. அதையே இன்னொரு மாதிரி மறுபடி சொல்கிறார். மணி அடிக்கிறது. "இன்னும் ஒரு நிமிடம் தலைவர் அவர்களே." "முடியுங்கள்." "நிறைய இருக்கு..." "எழுத்தில் கொடுங்கள், சேர்த்துக்கொள்கிறோம்." ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு அணைகிறது. அவர் உட்கார்கிறார். பேசியது சரியாக இரண்டரைப் பக்கம். "நல்லாப் பேசினாரும்மா" என்று வேடசந்தூர் அம்மாள் என் காதில் சொல்கிறாள், "மீனு தானா வலையில விழுமான்னாரே." எனக்கு அவள் கையைத் தட்டிவிட வேண்டும்போல் இருக்கிறது. அவள் என்ன செய்தாள். எட்டுப் பக்கம் எழுதியவள் நான்.

அமைச்சர் பதில் சொல்ல எழுகிறார், காதுக்கருவியை மறுபடி மாட்டிக்கொள்கிறேன். அமைதியான மனிதர், கோபமே வராது, அதனால் இவருக்குப் பதில் சொல்வதுதான் கடினம். உறுப்பினர்கள் ஆர்வத்தோடு பங்கேற்றதற்கு நன்றி என்று காதுக்கருவிப் பெண் சொல்கிறாள். பழைய பெயரோடு சில கசப்பான நினைவுகளும் ஒட்டிக்கொண்டிருந்தன, அதை மறுப்பதற்கில்லை, இன்றோடு அந்தக் களங்கம் நீங்குகிறது, ஜலதி ரக்ஷா களங்கமில்லாமல் பிறக்கிறது, முதல் நாளில் அதன்மேல் ஒரு புகார்கூட இருக்காது. மேசைகள் தடதடக்கின்றன. ஒரு புகார்கூட இருக்காது என்று அவர் அதைப் பெருமையாகச் சொல்கிறார், தெரிந்து சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா, முகத்தில் ஒன்றும் இல்லை, தண்ணீர் குடிக்கிறார். இருந்தவை எங்கே போயின என்று கேளுங்கள். ஐந்நூறு பேர் இருக்கிறீர்கள், ஒருவர் கேளுங்கள். என்னை அறியாமல் இருக்கை நுனிக்கு வந்துவிட்டேன், சுமன் பார்க்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை போனில் அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "ஏளா, பேரு மாறுனா அடிச்சவன் மாறிருவானா? அவன் அவந்தான், நான் நாந்தான். நீ வேலையப் பாரு" என்றான். "அப்ப பதினாலாம் தேதி?" என்றேன். அவனுக்குப் பின்னால் ஐஸ் உடைக்கிற இயந்திரம் ஓடியது. "நடந்தா நடக்கட்டும்" என்றான். அவனுக்குச் சோறு கொண்டுபோயிருந்த அம்மா போனைப் பிடுங்கினாள். "இவன் சும்மா சொல்லுதான் மக்கா. பதினாலாம் தேதிக்கின்னு வெள்ளச் சட்ட தச்சி வச்சிருக்கான். பித்தான் போட வரலன்னு டெய்லர்ட்ட சொல்லி அழுத்துனா ஒட்டுமே, அந்த பட்டன வச்சி. ஒத்தக் கையால போட்டுப் போட்டுப் பாக்கான்." அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். அவன் பின்னாலிருந்து, "எம்மா, போன வையி" என்று கத்தினான். அந்தச் சட்டையைத்தான் நான் இந்த இரண்டு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அமைச்சரின் முகத்துக்குமேல், பச்சைக் கம்பளத்துக்குமேல், ஆணியில் தொங்குகிற வெள்ளைச் சட்டை. அவன் என்ன கேட்டான். பணம் கேட்டானா, யாரையும் தூக்கில் போடச் சொன்னானா. அந்த இரண்டு பேருக்கு எதிரில் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இவர்தான் பிடித்தார், இவர்தான் மிதித்தார் என்று ஒருவர் கேட்க ஒருமுறை சொல்ல வேண்டும். அவ்வளவு. அதை ஒருவர் எழுதிக்கொள்ள வேண்டும். முப்பத்தெட்டு நாய்களுக்கு இடம் இருக்கிற சட்டத்தில் அதற்கு இடம் இல்லை.

கூறுவாரியாக எடுக்கிறார்கள். இப்போது தூங்கினவர்கள்கூட விழித்துவிட்டார்கள், மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிறது. தலைவர் வேகமாகப் படிக்கிறார், பழகிய வாய், இரண்டாம் கூறு மசோதாவின் பகுதியாகலாம், ஆதரிப்போர் ஆம் என்க, ஆம், எதிர்ப்போர் இல்லை என்க, இல்லை, ஆம் என்போரே அதிகம், ஏற்கப்பட்டது. பெயர் முடிந்தது. இரண்டு மணி நேரம் பேசியது ஒன்பது நொடியில் முடிந்தது. மூன்று, நான்கு, ஐந்து. எம்.பி.யின் வழுக்கையையே பார்க்கிறேன், அதில் விளக்கு பளபளக்கிறது, பக்கத்தில் இருப்பவர் அவரிடம் குனிந்து என்னவோ சொல்கிறார், பேசாதீர்கள், இப்போது பேசாதீர்கள். ஆறாம் கூறு. "திரு. சிவஞானபெருமாள், திருத்தம் எண் நான்கு. முன்மொழிகிறீர்களா?" ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மூச்சு. அவர் கை சட்டைப் பைக்குப் போகிறது. பையிலிருந்து வருகிறது, நாலாக மடித்த தாள், பிரிக்கிறார், எழுகிறார். "முன்மொழிகிறேன்." எழுந்துவிட்டார். சார், எழுந்துவிட்டீர்கள். படிக்கிறார், என் வாக்கியம், நிலுவையிலுள்ள புகார்களும் விசாரணையும், குரல் தடுமாறாமல் படிக்கிறார், கடைசியில் தாளில் இல்லாத ஒன்றைச் சொல்கிறார், "எங்க கரையில இதுக்காகக் காத்திருக்கிற ஆளு இருக்காங்க, எனக்குத் தெரியும்." எனக்குத் தெரியும் என்றார். காலையில் அதற்குத்தான் அவர் பயந்தார், இப்போது அதையே சொல்கிறார். தலைவர் நிமிரவில்லை. ஆதரிப்போர்? ஆம் என்று இங்கும் அங்கும் சில குரல், எண்ணினால் எண்பது இருக்கும். எதிர்ப்போர்? இல்லை என்று ஒரு பெரிய சத்தம், அந்தச் சத்தத்தில் சிரிப்பும் கலந்திருக்கிறது, எதற்கு இல்லை என்கிறோம் என்று தெரியாத வாய்களின் சிரிப்பு, முந்தின கூறுக்கு ஆம் சொன்ன அதே வாய்கள். "இல்லை என்போரே அதிகம் என்று நினைக்கிறேன்" என்கிறார் தலைவர். நினைக்கிறேன். இதை அவர் இன்னொரு முறை சொல்ல வேண்டும், இரண்டாம் முறை சொன்னால்தான் முடிவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது, விதிப்புத்தகத்தில் படித்திருக்கிறேன், அந்த இடைவெளியில் ஒரே ஓர் உறுப்பினர் ஒப்பவில்லை, எண்ண வேண்டும் என்று சொன்னால் போதும். கட்டடம் முழுக்க மணி அடிக்கும், வெளியே இருப்பவர்கள் ஓடி வருவார்கள், கதவுகளைச் சாத்துவார்கள், ஒவ்வொருவரும் தன் விரலால் தன் பொத்தானை அழுத்த வேண்டும், இன்னார் இல்லை என்றார் என்று பெயரோடு பதிவாகும். தோற்போம். தோற்பது எனக்குத் தெரியும். ஆனால் கூட்டத்தோடு கத்திவிட்டுச் சாப்பிடப் போக முடியாது, தன் பெயரைப் போட்டு இல்லை என்று சொல்ல வேண்டும். இதை நான் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. எட்டுப் பக்கத்தில், நிறைவாகவுக்குப் பிறகுகூட, தோற்றால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இல்லை, சரியான விடையை எழுதினால் மதிப்பெண் வந்துவிடும் என்று இருந்துவிட்டேன். எம்.பி. உட்காரவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறார். பின்பக்கம் வெள்ளை. தலையைத் தூக்குகிறார், மாடத்தைப் பார்க்கிறார், முதல் வரிசை, இரண்டாம் வரிசை, என்னைப் பார்க்கிறார். அவ்வளவுதானாம்மா என்று கேட்கிற முகம். நான் கை காட்டக் கூடாது. தலைவர் மூச்சு இழுக்கிறார், அவருடைய தோள் உயர்வது இங்கிருந்தே தெரிகிறது, இதோ சொல்லப் போகிறார். கடத்தல்காரன் நடுங்குவானாம். நான் நடுங்குகிறேன், பாருங்கள், உங்கள் மாடத்தில் கைகட்டி நடுங்குகிறேன், இன்னும் ஒரு நொடி நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தால் வேலை இருக்கும், அனுமதிச் சீட்டு இருக்கும், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, அண்ணன்கூட விடுளா என்பான்.

"எண்ணச் சொல்லுங்க சார்! எண்ணச் சொல்லுங்க!"

என் குரலா அது. மீன் ஏலத்தில் கத்துகிற குரல், அம்மாவின் குரல், இவ்வளவு பெரிதாக எனக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. ஐந்நூறு தலைகள் மேலே திரும்புகின்றன. வேடசந்தூர் அம்மாள் "அடியாத்தி" என்கிறாள். சுமனின் கை என் தோளில் விழுகிறது, இன்னொரு கை இடுப்பில், கீழே யாரோ கூச்சலிடுகிறார்கள், மாடத்தில் ஒழுங்கு என்று தலைவர் சொல்கிறார், மாடத்தில் சொன்னது எதுவும் குறிப்பில் ஏறாது என்கிறார். ஏற வேண்டாம். என் கால் படியில் இடறுகிறது, "நடந்துதான் வருகிறேன்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொல்கிறேன், சுமன் பிடியைத் தளர்த்தவில்லை, ஆனால் என்னைத் தூக்கி நிறுத்துகிறாள், "பைத்தியமா உனக்கு, பார்த்தால் படித்த பெண்" என்று என் காதுக்குள் சீறுகிறாள். எம்.பி.யின் பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை. அவர் உட்கார்ந்துவிட்டாரா, நிற்கிறாரா, யாரென்றே தெரியாது என்று சொல்லப் போகிறாரா. சொல்லட்டும், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், நாளைக்கு எல்லா இடத்திலும் என் பெயரும் அண்ணன் பெயரும் வரும், காலையில் அவர் சொன்ன மாதிரியே வரும். மாடத்துக் கதவு என் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொள்கிறது, சத்தம் எல்லாம் அறுந்துபோகிறது, நீளமான தாழ்வாரம், தரையில் என் செருப்பு மட்டும் கேட்கிறது. பிறகு மணி அடிக்கத் தொடங்கியது. முதலில் ஒரு மணி, தலைக்கு மேலே, அடுத்தது தூணுக்குப் பின்னால், அடுத்து மாடிப்படியில், கட்டடம் முழுக்க. எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு உறுப்பினர்கள் வாயைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார்கள், ஒருவர் கையில் பாதிச் சப்பாத்தி, "எதுக்குப்பா, எதுக்கு ஓட்டு?" என்று கேட்டுக்கொண்டே என்னைத் தாண்டி ஓடினார். கேள் என்று நினைத்தேன். உள்ளே போய்க் கேள். பொத்தானை அழுத்துகிறதுக்கு முன்னால் எதற்கு என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். பாதுகாப்பு அறையில் என்னை ஒரு இரும்பு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வயதான அதிகாரி ஒரு படிவத்தை எடுத்தார், ஆங்கிலத்தில் கேட்டார். பெயர். ஜெனிட்டா. அப்பா பெயர், ஊர், வேலை. எந்த இயக்கம் என்றார். இயக்கம் இல்லை என்றேன். யார் தூண்டி இதைச் செய்தாய் என்றார். "செலஸ்டின்" என்றேன். பேனா நின்றது. "அவன் யார், எங்கே இருக்கிறான்?" "என் அண்ணன். எழுதிக்கொள்ளுங்கள் சார்" என்றேன், "மூன்று வருடத்துக்கு முன்னால், நவம்பர் பத்தொன்பதாம் தேதி, விடிகாலை ஐந்தரை மணி, கரையிலிருந்து நாலு கடல்மைல்." முன்னுரை இல்லாமல் சொன்னேன். அவர் எழுத ஆரம்பித்தார். மணி இன்னும் நிற்கவில்லை.